மலைமேல் ஓர் ஏரி

செம்பரம்பாக்கம் ஏரியை அடுத்துள்ள குத்தம்பாக்கத்தில் வாழ்வோருக்கு நீரின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மழை பெய்தால் மட்டும் போதாது. பெய்த மழையைத் தாங்கி வைக்க ஓர் இடமும் வேண்டும். சமவெளியில் அப்பணியை ஏரி செய்கிறது. மலையிலோ அதனைச் செய்வது சோலைக்காடு.

கோடை விடுமுறையில் கொடைக்கானல் செல்லும் குடும்பங்கள் படகுத்துறையையும் தூண் பாறையையும் கண்டு மகிழ்ந்து திரும்புகின்றன. மலை மடிப்புகளில் மரங்கள் நெருங்கி, பாசி படர்ந்து, இருண்டு நிற்கும் சோலையை நின்று நோக்குவோர் சிலரே. அதன் மண் பஞ்சைப்போல் மழைநீரை உறிஞ்சி, ஓடைகளாய்ச் சிறுகச் சிறுகக் கீழே விடுகிறது. வைகைக்கும் அமராவதிக்கும் பழனி மலையின் ஓடைகளும் நீர் சேர்க்கின்றன.

உலகில் வேறெங்கும் இயற்கையாய் வளராத பூமரம் ஒன்று இம்மலையில் உண்டு. 'எலியோகார்ப்பஸ் பிளாஸ்கோய்' என்பது அதன் அறிவியற்பெயர். ருத்திராட்ச மரத்தின் இனத்தைச் சேர்ந்தது. தென்னிந்திய மலைகளின் தாவரங்களை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் பிளாஸ்கோவின் பெயரை அது தாங்கி நிற்கிறது. அருகிவரும் உயிரினங்களுக்கான உலகச் செம்பட்டியலில் இன்று அதுவும் இடம் பெற்றுள்ளது.

இந்நிலை ஏன் வந்தது? வீடுகளுக்கும் சாலைகளுக்கும் விறகுக்குமாகச் சோலைகள் சுருங்கின. புல்வெளிகளில் சீகை, தைலம், பைன் முதலிய அயல்நாட்டு மரங்கள் நடப்பட்டுப் பரவின. சோலை மரங்களோ மெல்ல வளர்பவை. அவற்றின் கன்றுகள் தாய்மரங்களின் நிழலை நாடுபவை. வெட்டிய சோலையை ஒரு தலைமுறையில் மீண்டும் உண்டாக்குதல் அரிது.

இம்மலையின் செடிகொடிகளை நமக்கு அறிமுகம் செய்தவர்களுள் இயேசு சபைத் துறவியர் இருவரை நன்றியுடன் நினைத்தல் தகும். செண்பகனூரில் வாழ்ந்த அருள்திரு ஆங்கிலாத் அடிகளார் அவற்றை வண்ண ஓவியங்களாய்த் தீட்டினார். திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-இல் இராப்பினா தாவரக் காப்பகத்தை நிறுவிய அருள்திரு கே. எம். மாத்யூ அடிகளார், காடு மேடெல்லாம் நடந்து திரட்டியவற்றைப் 'பழனி மலைத் தாவரங்கள்' பற்றிய பெருநூலாய் 1999-இல் வெளியிட்டார். 2004-இல் அவர் மறைந்தார், நூல் நிற்கிறது. ஆயினும், நூலில் மட்டும் வாழும் மரம் மழையைத் தாங்குமோ?

அடுத்த முறை மலையேறும் பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு ஒரு சோலையைக் காட்டுவார்களாக. செடியைப் பிடுங்காமலும் பிளாஸ்டிக்கை எறியாமலும் திரும்புவார்களாக. ஏரியின் கரையை உடைப்பவனை ஊர் பொறுக்குமோ? சோலையும் ஓர் ஏரியே. அதன் மரங்களே அதன் கரை.