உங்களுக்குத் தெரியுமா? 7.8 கோடி ஆண்டு வேலை, இமைப்பொழுதுக்குள்!

ஆர்.என்.ஏ., டி.என்.ஏ. ஆக்கத்துக்கு நம் செல்கள் நம்பியிருக்கும் ஒரு வேதிவினையை, நொதி இல்லாமல் அறை வெப்பநிலை நீரில் விட்டுவிட்டால், மூலப்பொருளில் பாதி மாறவே சுமார் 7.8 கோடி ஆண்டுகள் ஆகும். (அத்தனை ஆண்டுகளுக்கு முன் பூமியில் டைனோசர்கள் திரிந்தன.) ஓ.எம்.பி. டிகார்பாக்சிலேஸ் என்ற நொதி அதே வேலையை 18 மில்லிநொடியில் முடிக்கிறது. வேகம் ஏறத்தாழ 1,400 கோடி கோடி மடங்கு கூடுகிறது. பல நொதிகளுக்குத் தேவைப்படும் உலோக அயனியோ வேறு துணைப்பொருளோகூட இதற்குத் தேவையில்லை.

கோடி ஆண்டுகளை யார் உட்கார்ந்து அளந்தார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆய்வாளர்கள் ரிச்சர்ட் வோல்ஃபெண்டனும் அன்னா ராட்சிக்காவும் இந்த மூலப்பொருளை ஒத்த ஒரு சேர்மத்தை மூடிய குழாய்களில் உயர் வெப்பநிலைகளில் சூடாக்கி, வினையின் வேகத்தை அளந்தனர். வெப்பம் குறையக் குறைய வேகம் எப்படிச் சரிகிறது என்பதிலிருந்து அறை வெப்பநிலைக்கான கணக்கைப் பெற்று 1995இல் வெளியிட்டனர். ஆக, இது நேரடி அளவீடு அல்ல. ஆனால் வெறும் ஊகமும் அல்ல.

அப்படியானால் நடக்காததையும் நொதி நடத்திவிடுமா? நடத்தாது. வினை தாண்டவேண்டிய கிளர்வு ஆற்றலை மட்டுமே அது குறைக்கிறது. முன்னோக்கிய வினை, பின்னோக்கிய வினை இரண்டும் ஒரே மடங்கில் விரைவதால் சமநிலை இம்மியும் நகராது. சூடாக்கினாலும் வேகம் கூடும் என்பது உண்மையே. ஆனால் அந்தச் சூட்டில் செல் பிழைக்காது. தொழிற்சாலை வினையூக்கிகளுக்கும் இதே விதிதான்: அம்மோனியா தயாரிப்பில் இரும்பு வேகத்தைத்தான் கூட்டுகிறது, சமநிலை விளைச்சலை அல்ல.