இன்சூரன்ஸ் இல்லையென்றால் நட்டஈடும் இல்லையா?

மலையகத்தில் வீடு கட்ட முதலில் மேட்டை வெட்ட வேண்டும். ஹட்டன், நுவரெலியா பக்கம் அத்திவாரம் தோண்டும்போது மண்மேடு சரிந்து ஆட்கள் புதையுண்ட செய்தி நமக்குப் புதிதல்ல. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி தோட்டங்களுக்கு 10,000 வீடுகளை அறிவித்தார். அதற்கு முன்பே 4,000 வீடுகளுக்கான திட்டம் இருந்தது. கட்டட வேலை தோட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. கொழுந்து மலையை விட்ட பையன்கள் பலர் மேசன் பாஸுக்குக் கையாளாக நிற்கிறார்கள்.

அப்படி ஒருவன் சாரத்திலிருந்து விழுந்தால் கொந்தராத்துக்காரர் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "நம்மகிட்ட இன்சூரன்ஸ் இல்லையேப்பா." குடும்பமும் அதை நம்பித் திரும்பிவிடுகிறது. அங்கேதான் ஏமாறுகிறோம்.

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் பொறுப்பை முதலாளியின் தலையில்தான் வைத்திருக்கிறது. காப்புறுதி அவர் அந்தக் கடனைத் தீர்க்க வைத்துக்கொள்ளும் பணப்பை, அவ்வளவுதான். பை காலியென்றால் கடன் அழிந்துவிடுமா? அரசாங்கக் கட்டட ஒப்பந்தங்களில் வேலையாட்களுக்குக் காப்புறுதி எடுப்பது நிபந்தனையாகவே இருக்கிறது. அங்கேயும் 'இல்லை' என்றால் ஒப்பந்தத்தைக் கொடுத்த நிறுவனத்தையே கேட்கலாம். 2022இல் சட்டத்தைத் திருத்தி, நட்டஈட்டின் உச்சவரம்பை 5,50,000 ரூபாயிலிருந்து 20 இலட்சமாக்கினார்கள். வேலைக்குப் போகும்போதும் வீடு திரும்பும்போதும் நடக்கும் விபத்தும் அப்போது சேர்க்கப்பட்டது.

இன்னொரு சாக்கு, "நான் சப் கொந்தராத்து, பெரியவரைக் கேளுங்க" என்பது. பெரியவர் சின்னவரைக் காட்டுவார். ஒரு கம்பனி தன் தொழிலின் பகுதியான வேலையை இன்னொருவரிடம் கொடுத்தால், அங்கே அடிபட்டவர் அந்தக் கம்பனியிடமே நட்டஈடு கேட்க முடியும். பிறகு அவர்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்ளட்டும்.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே கொஞ்சம் பணத்தை நீட்டி, "இனி ஒன்றும் கேட்கமாட்டேன்" என்று கையெழுத்து வாங்குவதும் நடக்கிறது. நட்டஈட்டு உரிமையை அப்படி எழுதிக்கொடுத்துவிட முடியாது. மரணமென்றால் நட்டஈட்டுப் பணம் வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளரிடமே கட்டப்பட வேண்டும். சாவுவீட்டில் உறையில் வைத்துக் கொடுத்த பணம் அந்தக் கணக்கில் சேராது.

ஆனால் ஓர் ஓட்டை உண்டு, நம் ஊரில் அது பெரிய ஓட்டை. வீட்டுக்காரரே தன் வீட்டுக்கு ஒரு பாஸைப் பிடித்து நாள் சம்பளம் கொடுத்துக் கட்டும்போது அது அவருடைய தொழிலல்ல. சட்டம் அங்கே பிடி தளர்கிறது. அடிபடுகிறவரும் பெரும்பாலும் பக்கத்து லயத்துக்காரர். வழக்குப் போட யாருக்கு மனம் வரும்?

கொந்தராத்துக்காரரிடம் வேலை செய்கிறவர்கள் அவர் பெயரையும் நாள் சம்பளக் கணக்கையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். சம்பளத் துண்டு கிடைக்காத வேலையில் சாட்சி அதுதான். அடிபட்டால் ஆஸ்பத்திரியில் "வேலைத்தளத்தில் விழுந்தேன்" என்றே சொல்லுங்கள். வீட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னால் ஆஸ்பத்திரித் துண்டில் அதுதான் பதிவாகும். பிறகு அந்தத் துண்டோடு ஹட்டன் அல்லது நுவரெலியா தொழில் அலுவலகத்துக்குப் போனால், கொழும்பிலுள்ள வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளருக்கு விண்ணப்பிக்க வழி கேட்கலாம்.