நெடும்பயணமும் கையடக்க விளையாட்டுக் கருவியும்



பள்ளி விடுமுறையும் பெருநாளும் வந்துவிட்டால் நம்மில் பலர் மூட்டை முடிச்சுகளுடன் புறப்பட்டுவிடுகிறோம். ஜொகூர் பாருவில் வேலை செய்யும் மகன் மனைவி மக்களோடு பினாங்கிலுள்ள தாயைப் பார்க்கப் போகிறான். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994ஆம் ஆண்டில் முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகு இந்தப் பயணம் எளிதாகியிருப்பது உண்மையே. ஆயினும், பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு ஏழெட்டு மணி நேரம் என்பது ஒரு யுகம். ஆயர் ஈத்தாமைத் தாண்டுமுன்பே, "இன்னும் எவ்வளவு தூரம் அப்பா?" என்ற கேள்வி தொடங்கிவிடும்.

"ஐயா, பையன் வழியெல்லாம் தொல்லை கொடுக்காமல் இருக்க எந்த விளையாட்டுச் சாமானை வாங்கலாம்?" என்று பெற்றோர் எங்களிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். கூடுதல் நேர வேலை செய்து சேர்த்த வெள்ளியைக் கொடுத்து வாங்கும் பொருள் பயன்பட வேண்டாமா? எனவே, கையடக்கமான மின்னணு விளையாட்டுக் கருவியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை இன்று ஆராய்வோம்.

முதலில் நாங்கள் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளி மாணவர்களைக் கேமரன் மலைக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் கையில் புத்தம் புதிய கருவி இருந்தது. தந்தை பல மாதம் பணம் சேர்த்து வாங்கிக் கொடுத்தது. தாப்பாவைத் தாண்டி மலையேறும் வழியில் லாத்தா இஸ்கந்தர் அருவியருகே பேருந்தை நிறுத்தினோம். பிள்ளைகள் எல்லாரும் ஓடி இறங்கினார்கள். அவன் மட்டும் இறங்கவில்லை. "இந்தக் கட்டம் முடியவில்லை ஐயா. இப்போது நிறுத்தினால் மறுபடியும் முதலிலிருந்து ஆட வேண்டும்" என்றான். அவன் தலை நிமிர்ந்தபோது பேருந்து மீண்டும் புறப்பட்டிருந்தது. அதற்கு மேல் வந்த வளைவுகளில் குனிந்தபடியே ஆடி, வாந்தியெடுத்துச் சோர்ந்து போனான். மறு வாரம் 'நான் சென்ற சுற்றுலா' என்று கட்டுரை எழுதச் சொன்னோம். மற்றவர்கள் இரண்டு பக்கம் எழுதினார்கள். அவன் நான்கு வரிதான் எழுதினான். அவனைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அவன் கையில் இருந்தது வீட்டுக்கு ஏற்ற விளையாட்டு, பயணத்துக்கு ஏற்றதன்று. பெரியவர்களாகிய நாங்களும் அதை முன்கூட்டியே எண்ணிப் பார்க்கவில்லை.

ஆகவே, நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: இந்த விளையாட்டை நினைத்த நேரத்தில் நிறுத்த முடியுமா? இரண்டு மூன்று நிமிடத்தில் ஒரு சுற்று முடியும் விளையாட்டு பயணத்துக்கு நல்லது. எந்த இடத்தில் நிறுத்தினாலும், பிறகு அதே இடத்திலிருந்து தொடர வழியுள்ள கருவியும் நல்லது. ஓய்விடத்தில் இறங்கும்போது அழுகையும் சண்டையும் வாரா.

கையடக்க விளையாட்டின் வரலாறும் இதையே சொல்கிறது. ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனத்தில் பணியாற்றிய குன்பெய் யோக்கோய் என்பவர், ரயிலில் ஒரு பயணி கணக்குப் பொறியின் பொத்தான்களை அழுத்திப் பொழுது போக்குவதைப் பார்த்தாராம். அதிலிருந்து பிறந்த எண்ணமே 1980ஆம் ஆண்டில் 'கேம் அண்ட் வாட்ச்' என்ற சிறு கருவியாக வெளிவந்தது. ஒரு கருவியில் ஒரே விளையாட்டு, சட்டைப் பையில் அடங்கும், கடிகாரமும் உண்டு. பயணிக்கு வேண்டியது அவ்வளவுதான் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இரண்டாவது கேள்வி, மின்சக்தி எவ்வளவு நேரம் தாங்கும் என்பது. 1989ஆம் ஆண்டில் வந்த 'கேம் பாய்' கருவிக்கு வண்ணத்திரை இல்லை. ஆனால், நான்கு சிறு பேட்டரிகளில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. மறு ஆண்டு, சேகா நிறுவனத்தின் 'கேம் கியர்' பளிச்சென்ற வண்ணத்திரையோடு வந்தது. அதற்கு ஆறு பேட்டரி வேண்டும்; அவையும் மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கடைக் கண்ணாடிக்குள் அழகாகத் தெரிவது வேறு, வழியில் கைகொடுப்பது வேறு. இன்றைய கருவிகளுக்கும் இது பொருந்தும். புறப்படும் முன்னிரவே முழுமையாக மின்னேற்றிக்கொள்ளுங்கள். விமானப் பயணமானால், தனியாக எடுத்துச் செல்லும் மின்சேமிப்புப் பெட்டியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்கில் போடும் பெட்டியில் வைக்கக் கூடாது.

மூன்றாவது, பிள்ளையின் வயிறு. ஓடும் வண்டியில் குனிந்து திரையைப் பார்க்கும்போது, எதிரே எதுவும் அசையவில்லை என்று கண் சொல்கிறது. உடல் திரும்புகிறது, குலுங்குகிறது என்று உட்காது சொல்கிறது. இரண்டும் முரண்படும்போதுதான் தலைசுற்றலும் குமட்டலும் வருகின்றன. ஆகையால் நேரான நெடுஞ்சாலையில் ஆடட்டும். மலைப்பாதையில் கருவியை எடுத்து வைத்துவிட்டுத் தொலைவிலுள்ள மலையைப் பார்க்கட்டும். எளிதில் குமட்டல் வரும் பிள்ளைக்குக் கருவியே வாங்க வேண்டாம். கதையும் விடுகதையும் அவனுக்குப் போதும்.

நான்காவது, வயது. இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் திரை வேண்டாம் என்றும், நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் கூறியுள்ளது. பெரிய பிள்ளைகளும் தொடர்ந்து ஆடக்கூடாது. அரைமணி ஆட்டம், பிறகு ஓய்வு என்று புறப்படும் முன்பே பேசி வைத்துக்கொள்வது நலம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மலிவான சிறு கருவிகள் சிலவற்றில் பொத்தான் போன்ற வட்டப் பேட்டரி இருக்கும். கைக்குழந்தை அதை விழுங்கிவிட்டால், உணவுக்குழாயில் சிக்கி இரண்டே மணி நேரத்தில் கடுமையான புண்ணை உண்டாக்கக்கூடும். எனவே, பேட்டரி மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலும் போதும், வாந்தியெடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

ஐந்தாவது, செலவும் சத்தமும். கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் விளையாட்டுகள் பல, நடுவில் விளம்பரம் காட்டிப் பணம் கேட்கும். அறியாப் பிள்ளை பொத்தானை அழுத்திவிட்டால் நம் கணக்கிலிருந்து பணம் போகும். இணையத் தொடர்பைத் துண்டித்த பிறகும் ஆட முடிகிற விளையாட்டையே தேர்ந்தெடுங்கள். பேருந்திலும் ரயிலிலும் பிறர் உறங்குவார்கள். ஆகவே, ஒலியை முழுதும் அடக்க முடிகிறதா என்றும் பாருங்கள்.

வாங்கியதைப் பயண நாளன்று முதன்முதலாகக் கையில் கொடுக்காதீர்கள். ஒரு வாரம் முன்னரே வீட்டில் ஆடிப் பழகட்டும். நீங்களும் பக்கத்தில் அமர்ந்து ஒரு சுற்று ஆடிப் பாருங்கள். எந்த இடத்தில் நிறுத்தலாம் என்பது உங்களுக்கே விளங்கும்; "இந்தச் சுற்றோடு போதும் அய்யா" என்று நீங்கள் சொல்வதை மகனும் ஏற்பான்.

பெற்றோர்களே, சாலையோரத்து ரப்பர் மரங்களைக் காட்டி, "இந்த மாதிரித் தோட்டத்தில்தான் உன் பாட்டி பால் வெட்டினார்" என்று சொல்வதற்கு நமக்கு வேறு எந்த நாளில் இவ்வளவு நேரம் கிடைக்கப் போகிறது? அப்படிச் சொல்லத் தொடங்கும்போது பிள்ளை உடனே கீழே வைத்துவிடக்கூடிய விளையாட்டாகப் பார்த்து வாங்குங்கள். உங்கள் பயணம் நலமாக அமையட்டும்.