ஃபைலை டெலிட் பண்ணது யாரு? கம்ப்யூட்டரையே கேட்கலாம்!

ஜிஎஸ்டி தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாள். ஆபீஸில் எல்லோரும் மாறி மாறி உட்காரும் கம்ப்யூட்டரில், பில் விவரங்கள் இருந்த எக்ஸெல் ஃபைலைக் காணோம். "நான் தொடவே இல்ல சார்" என்று நாலு பேரும் சொல்கிறார்கள். கடைசியில் பழி யார் மேல் விழும்? பெரும்பாலும் புதுசாக வேலைக்குச் சேர்ந்தவர் மேல்தான்.

எந்த ஃபோல்டரை யார், எப்போது தொட்டார்கள் என்று குறித்துவைக்கும் 'ஆடிட்டிங்' வசதி விண்டோஸிலேயே இருக்கிறது. காசு கொடுத்து சாஃப்ட்வேர் வாங்க வேண்டாம். ஆனால், நாம் ஆன் செய்த பிறகு நடப்பதை மட்டும்தான் அது சொல்லும். நேற்று காணாமல்போன ஃபைலுக்கு அதனிடம் பதில் கிடையாது.

முதலில், ஒவ்வொருவருக்கும் தனி யூசர் அக்கவுன்ட், தனி பாஸ்வேர்டு கொடுங்கள். எல்லோரும் 'அட்மின்' என்று ஒரே பெயரில் நுழைந்தால், பதிவிலும் 'அட்மின்' என்றுதான் வரும். அப்புறம் எதற்கு இத்தனை பாடு? இப்படிப் பதிவாகிறது என்பதை ஊழியர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

விண்டோஸ் புரோ பதிப்பில், அட்மினிஸ்ட்ரேட்டராக நுழைந்து 'லோக்கல் செக்யூரிட்டி பாலிசி'யைத் தேடித் திறங்கள். ஹோம் பதிப்பில் இது இருக்காது. லோக்கல் பாலிசீஸ், ஆடிட் பாலிசி வழியாக 'ஆடிட் ஆப்ஜெக்ட் ஆக்சஸ்' போய் சக்சஸ், ஃபெயிலியர் இரண்டையும் டிக் செய்யுங்கள். அடுத்து ஃபோல்டர் மேல் ரைட் கிளிக். பிராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு, ஆடிட்டிங். 'ஆட்' கொடுத்து 'எவ்ரிஒன்' எனத் தேர்ந்தெடுங்கள். இங்கே ஆசைப்பட்டு எல்லாவற்றையும் டிக் பண்ணிடாதீங்க! ஃபைலைத் திறந்து பார்ப்பதெல்லாம் பதிவானால், வழக்கமாக 20 எம்.பி. மட்டுமே உள்ள செக்யூரிட்டி லாக் சீக்கிரமே நிரம்பி, பழைய பதிவுகள் போய்விடும். எழுதுவது, டெலிட் செய்வது தொடர்பானவை போதும்.

பதிவுகளைப் பார்க்க ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், செக்யூரிட்டி. 4663 என்ற எண்ணுள்ள பதிவில் யூசர் பெயர், ஃபைல் பெயர், நேரம் எல்லாம் இருக்கும். அதில் 'டெலிட்' என்று பார்த்ததுமே யாரையும் கூப்பிட்டுத் திட்டிவிடாதீர்கள். ஃபைல் பெயரை மாற்றினாலும், வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினாலும்கூட அப்படித்தான் காட்டும். நிஜமாகவே அழிந்திருந்தால், அதே 'ஹேண்டில் ஐடி'யுடன் 4660 என்ற பதிவும் இருக்கும். அது இல்லையா? ரீசைக்கிள் பின்னைத் திறந்து பாருங்கள், ஃபைல் அங்கேயே கிடக்கலாம்.