ஆண்டாள் கிளியும் கணினிப் படமும்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் இடக்கையில் இருக்கும் கிளியை அருகில் பார்த்திருக்கிறீர்களா? மரவள்ளி இலை உடலாகிறது. மாதுளம்பூ அலகாகிறது. மூங்கில் குச்சிதான் கால். தினமும் புதிதாகக் கட்டும் கிளி. ஆனால் பாகங்களும் அவற்றைச் சேர்க்கும் முறையும் மாறுவதில்லை.

கணினி படம் வரைவதும் ஏறக்குறைய இப்படித்தான். இதில் நம்மவர்களுக்குப் பெருமைப்பட ஒரு கதை உண்டு. 1974-லேயே, தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் அவர் மனைவி ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, வாசல் கோலத்துக்குக் கணித இலக்கணம் எழுதினார்கள். சில சின்னத் துண்டுகள், அவற்றை அடுக்கச் சில விதிகள், அவ்வளவுதான். அதைக் கொண்டு சிறிதும் பெரிதுமாக எத்தனையோ கோலங்களை உண்டாக்கலாம்.

அந்த விதிகளை எழுதியவர்கள் மனிதர்கள். இன்றைய இயந்திரக் கற்றலிலோ, ஏராளமான படங்களைப் பார்த்துக் கணினியே துண்டுகளைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. 2021-இல் வந்த டால்-ஈ என்ற படம் வரையும் நிரல் கற்று வைத்திருந்தவை 8,192 வகைத் துண்டுகள். ஒரு படத்துக்கு 1,024 கட்டங்கள். எந்தக் கட்டத்தில் எந்தத் துண்டு பொருந்தும் என்று ஒவ்வொன்றாகக் கணித்து நிரப்பியது.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நாளைக் காலை வாசல் தெளித்துப் புள்ளி வைக்கும் சகோதரிகளே, உங்கள் கோலத்தில் ஒரே வளைவு எத்தனை முறை திரும்ப வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டுங்கள்.