24 தந்தியிலிருந்து 6 தந்திக்கு

நம் சங்கத்துக் குடும்பங்களில் கிதார் கற்கும் பிள்ளைகள் பலர் உண்டு. கொஞ்சம் கை தேறியதும் ஆசிரியர் 'பரோக்' காலத்து லூட் இசையைக் கொடுப்பார். அச்சில் உள்ளதை ஒரு ஸ்வரம் விடாமல் வாசித்தும் பிள்ளைக்கு ரசிப்பதில்லை. பலர் அந்த இடத்தில்தான் கிதாரை உறையில் போட்டு விடுகிறார்கள். ரயில்வேயில் ஓய்வு பெற்ற பின் கிதார் பிடித்தவன் நான். எனக்குப் புரிந்த காரணத்தைச் சொல்கிறேன்.

சில்வியஸ் லியோபோல்ட் வைஸ் (1687–1750) ஜெர்மனியில் டிரெஸ்டன் அரசவையின் லூட் கலைஞர். பிற்காலத்தில் அவர் வாசித்த லூட்டில் 13 வரிசைகள். முதல் இரண்டும் ஒற்றைத் தந்தி, மற்றவை இரட்டை. ஆக 24 தந்திகள். அடிவரிசைகளைப் பாட்டுக்குத் தக்கபடி சுருதி கூட்டி, விரலால் அழுத்தாமல் அப்படியே மீட்டுவார்கள். நம் கிதாரில் இருப்பதோ 6 தந்தி.

மீட்டர் கேஜை அகலப் பாதையாக்கும் வேலை போன்றது இது. தண்டவாளத்தை 1,000 மி.மீ.யிலிருந்து 1,676 மி.மீ.க்குத் தள்ளிப் போட்டால் மட்டும் போதாது. பாலம், வளைவு, பிளாட்பாரம் அனைத்தையும் பார்த்தாக வேண்டும்.

முதலாவது, மந்தர ஸ்வரங்கள். கிதாருக்கு எட்டாத ஸ்வரத்தை ஒரு ஸ்தாயி உயர்த்தித்தான் வாசிக்க முடியும். இதில் தவறில்லை. லூட்டிலேயே அடித்தந்திக்கு ஒரு ஸ்தாயி மேலான ஜோடித் தந்தி உண்டு. ஆனால் படிப்படியாக இறங்கி வரும் ஸ்வரங்களை நடுவழியில் தூக்கினால் படிக்கட்டு உடைந்தது போலிருக்கும். அந்த வரி தொடங்கும் இடத்திலேயே உயர்த்திவிட வேண்டும்.

இரண்டாவது, ஸ்வரத்தின் நீளம். வைஸின் ஏடுகள் 'டாப்லேச்சர்' முறையில் எழுதப்பட்டவை. எந்தத் தந்தியில் எந்த மெட்டில் விரல் வைப்பது என்பதை எழுத்துகள் காட்டும். மேலே உள்ள தாளக்குறி அடுத்த மீட்டு எப்போது என்பதைச் சொல்லுமே தவிர, முந்தைய ஸ்வரம் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்று சொல்லாது. அது வாசிப்பவர் பொறுப்பு. இசை வேறு ஸ்வரக்கூட்டுக்கு நகர்ந்த பின்னும் பழைய அடிஸ்வரம் முனகிக்கொண்டிருந்தால் கட்டைவிரலால் அணைத்துவிட வேண்டும். மேல் ஸ்வரங்களைப் பக்கத்துப் பக்கத்துத் தந்திகளில் பிரித்து வாசித்தால் மணியோசை போல ஒன்றோடொன்று கலக்கும்.

மூன்றாவது, அலங்காரம். 'ட்ரில்' என்னும் அசைவைப் பெரும்பாலும் மேல் ஸ்வரத்திலிருந்து தொடங்குவது அக்கால வழக்கம். ஒரு பகுதி திரும்ப வரும்போது சொந்தமாகச் சிறிது அழகு சேர்ப்பதும் உண்டு.

இப்படி மாற்றலாமா என்று தயங்க வேண்டாம். பாக் தம் 5-ஆவது செல்லோ தொகுப்பை லூட்டுக்கு மாற்றியபோது சுருதியையும் மாற்றினார், அடிஸ்வரங்களையும் சேர்த்தார்.

ஆகவே பெற்றோர்களே, அச்சுப் புத்தகம் வேதமல்ல. அது ஒரு பதிப்பாசிரியரின் முடிவு. ஒரே பாட்டுக்கு இரண்டு பதிப்புகளை வாங்கிக் கொடுங்கள். எங்கே வேறுபடுகின்றன, ஏன் என்று பிள்ளையையே கேளுங்கள். விடை தேடும்போது காது திறக்கும்.