பிள்ளை பெற்றவர்களுக்கு சினைப்பை புற்றுநோய் வராதா? உண்மை என்ன?

"நாலு பெத்தவளுக்கு அதெல்லாம் வராதுட்டி" என்று நெல்லை வீட்டில் ஆச்சி சொன்னால், அதில் பாதிதான் உண்மை.

மாதாமாதம் சினைப்பையின் மேல்புறம் கிழிந்துதான் கருமுட்டை வெளியே வரும். அந்தக் காயம் ஆறும்போது செல்கள் பெருகும். பெருகும்போது தவறு நேரலாம். 1971-ல் எகிப்து மருத்துவர் மஹ்மூத் ஃபதல்லா முன்வைத்த விளக்கம் இது. கர்ப்ப காலத்தில் இந்த வேலைக்கு லீவு. தாய்ப்பால் கொடுக்கும்போதும் பெரும்பாலும் அப்படித்தான். அதனால் ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஆபத்து கொஞ்சம் குறைகிறது.

தாமிரபரணிக் கரையில் ஆறேழு பெற்ற ஆச்சிமார் காலம் போயாச்சு. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி, தமிழகத்தில் ஒரு பெண்ணுக்கு சராசரியாக 1.8 குழந்தைகள்தான். அதுக்காக பயப்பட வேண்டாம். குழந்தையே இல்லாத பெண்களிலும் பெரும்பாலானவர்களுக்கு இது வருவதில்லை.

ஆனால் பிள்ளை பெற்றவருக்கும் வரும், அதுவும் பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பிறகு. வயிறு உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர். வாயுக்கோளாறுன்னு ஓமத்தண்ணி குடித்தே மாதங்கள் ஓடிவிடும். பாப் ஸ்மியர் கருப்பை வாய்க்கான டெஸ்ட், இதைக் காட்டாது. இரண்டு, மூன்று வாரம் தொந்தரவு நீடித்தால் ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையிலோ பக்கத்து மகளிர் மருத்துவரிடமோ காட்டிவிடணும். அம்மாவுக்கோ அக்காவுக்கோ சினைப்பை, மார்பகப் புற்றுநோய் இருந்திருந்தால், டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான்.